மணிக்கு 33 ரூபாய், இதற்குப் பெயர் சம்பளமா?

அஞ்செட்டிக்காரி | வியாழன் இரவு 9.10

நேற்று சர்ஜாபூர்த் தமிழன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நம்ம பெங்களூர்க் குழு அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமத்தில் மாலை வகுப்பு நடத்துகிறது. அங்கே பாடம் சொல்லித் தரும் பெண்ணுக்கு மாதம் கொடுக்கும் 1000 ரூபாயை நிறுத்தப் போகிறார்களாம். "சேவைக்குச் சம்பளம் கிடையாது" என்று காரணம் எழுதியிருக்கிறார். ஒரு வருடத்துப் பணம் 12,000ஐ வைத்து 40 பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்குவார்களாம். சார், மாதம் 20 நாள், தினம் ஒன்றரை மணி நேரம், ஆக 30 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய். இதையா சம்பளம் என்கிறீர்கள்?

சர்ஜாபூர்த் தமிழன் | 9.34

33 ரூபாய் என்று கணக்குப் போட்டு எங்களைக் கஞ்சர்களாகக் காட்ட வேண்டாம். நான் சொன்னது கொள்கை. மாதம் ஒரு ஞாயிறு விடிகாலையில் எழுந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை வழியாக அவ்வளவு தூரம் போகிறோம், எங்களுக்கு யார் கொடுக்கிறார்கள்? பணம் கைக்கு வந்துவிட்டால் சேவை மனசு போய்விடும். பை என்றால் நேராகப் பிள்ளை கைக்குப் போகும்.

அஞ்செட்டிக்காரி | 9.51

உங்களுக்கு ஒண்ணாம் தேதியானால் சம்பளம் வந்து விழுகிறது. அந்தப் பெண் பகலெல்லாம் அடுத்தவர் காட்டில் களை எடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறாள்.

பை விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பை, நோட்டு, சீருடை, செருப்பு, கிரையான், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசே கொடுக்கிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனேன். சுவரில் மூன்று பை தொங்கியது. ஒன்றில் ராகி, ஒன்றில் கொள்ளு, மூன்றாவதில் பேரனின் பழைய சட்டைகள். பையன் நாலாம் வகுப்பு, அப்பா அம்மா இங்கே ஒயிட்ஃபீல்டில் கட்டட வேலை. அவனுக்கு நாலாவது பை வேண்டுமா, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்க ஒரு ஆள் வேண்டுமா? அந்த ஆளுக்கு 33 ரூபாய் கொடுக்க உங்கள் கொள்கை இடம் தரவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 10.05

இருவரும் சம்பளம் சம்பளம் என்று எழுதுவது தவறு. அது ஊக்கத்தொகை. 2021இல் கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் பாடத்தை மறந்தபோது தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அதிலும் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைதான். 1975இல் வந்த அங்கன்வாடித் திட்டத்திலும் மத்திய அரசு மதிப்பூதியம் என்றுதான் சொல்கிறது. 31 வருடம் பாடம் நடத்தியவன் நான், எனக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

அஞ்செட்டிக்காரி | 10.16

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் மதிப்பூதியம் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு அங்கன்வாடி அக்காக்களை எத்தனை வருடம் ஏமாற்றினார்கள்? 2022இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. திட்டம் வந்து 47 வருடம் கழித்து! பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், தொகை அதே 33 ரூபாய்தான்.

அல்சூர்க்காரன் | 10.22

ஐடி வேலைக்கு வந்து நாலு வருடம் ஆனவர்கள் "பெங்களூர்த் தமிழர்" என்று பேனர் கட்டிக்கொண்டு அஞ்செட்டிக்கு ஏன் ஓட வேண்டும்? அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்பா அம்மாவோடு இங்கேயே தகர ஷெட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடமே போகாமல். அதை எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்? அல்சூர் ஏரிக்கரையில் 18 வருடம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தபோது கூட்டத்தில் நின்றவன் நான். அன்றைக்கு நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள்? இன்னொன்று, போன பொங்கல் விழாவுக்கு வசூலித்த பணத்தில் பஸ் வாடகைக் கணக்கு இன்னும் வரவில்லை.

சர்ஜாபூர்த் தமிழன் | 10.31

பஸ் கணக்கை பிப்ரவரியிலேயே குழுவில் போட்டேன், படிக்காதது உங்கள் தவறு. சிலை திறப்புக்கும் மாலை வகுப்புக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு விஷயம், இதுவரை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அங்கே பாதி நாள் வகுப்பே நடக்கவில்லை. நடக்காத வகுப்புக்கும் 1000 ரூபாய் போயிருக்கிறது. 33 ரூபாய்க் கணக்குப் போடுகிறவர் இதையும் சேர்த்துப் போடட்டும்.

அஞ்செட்டிக்காரி | 10.48

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஏன் நடக்கவில்லை என்று யாரிடமாவது கேட்டீர்களா? பகல் பதினோரு மணிக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்புகிறவருக்கு எப்படித் தெரியும்? ராகி முற்றும் காலம் அது. பன்னேர்கட்டா காட்டிலிருந்தும் காவிரிப் பக்கத்திலிருந்தும் யானை இறங்கும். அந்தியில் ஒரு பிள்ளையையும் வெளியே விட முடியாது. யானை வந்திருக்கிறது என்று தகவல் வந்தால் வகுப்பு கிடையாது. வராத நாளிலும், முடிந்ததும் எட்டுப் பத்துப் பிள்ளைகளை முன்னால் விட்டு, பின்னால் டார்ச் அடித்துக்கொண்டே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொண்டுபோய் விட வேண்டும். பேட்டரி அவள் காசு. அந்த நடையை நான் ஒன்றரை மணி நேரத்தில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் 33 ரூபாயும் தேறாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2022இல் கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது அதே வகுப்பை நான் எடுத்தேன். அந்த 1000 ரூபாயில்தான் இன்டர்வியூக்குப் பெங்களூர் வர பஸ் டிக்கெட் எடுத்தேன். என் சேவை மனசு எங்கேயும் போகவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 10.59

நல்ல சேவை அம்மா, பாராட்டுகிறேன். ஆனால் நீங்கள் வாங்கியதும் ஊக்கத்தொகைதான், சம்பளம் அல்ல. அரசு ஆணையிலேயே அப்படித்தான் இருக்கும்.

அல்சூர்க்காரன் | 11.03

பிப்ரவரியில் வந்தது சாப்பாட்டுக் கணக்கு. நான் கேட்டது பஸ். இரண்டு பஸ் என்று வசூலித்தீர்கள், வந்து நின்றது ஒன்று.

சர்ஜாபூர்த் தமிழன் | 11.09

கஷ்டத்தைச் சொன்னால் கொள்கை மாறிவிடாது. நாளைக்கு இன்னொரு கிராமத்திலும் கேட்பார்கள், எல்லோருக்கும் கொடுக்க நாங்கள் அரசாங்கம் இல்லை. 40 பைக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, குழுப் பெயரும் அச்சடித்தாகிவிட்டது. ஞாயிறு காலை 5.30க்கு சில்க் போர்டில் வண்டி கிளம்புகிறது, வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

அல்சூர்க்காரன் | 11.12

எத்தனை வண்டி?

அஞ்செட்டிக்காரி | 11.15

நானும் வருகிறேன். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் இங்கே எழுதுங்கள். அடுத்த மாதம் 1000 ரூபாய் வராது என்று அந்தப் பெண்ணிடம் உங்களில் யார் சொல்லப் போகிறீர்கள்? குழுப் பெயர் வேண்டாம், ஆள் பெயர் போடுங்கள்.