1998-ஆம் ஆண்டுத் தமிழ் மடல்கள் வெறும் குறிகளாகத் தெரிகின்றன, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். தமிழ்.நெட் மடற்குழுவில் இருந்த என் மாமா சேமித்து வைத்த 1998, 1999 மடல்கள் ஒரு சிடியில் கிடைத்தன. நோட்பேடில் திறந்தால் முக்கால் பின்னம், சென்ட் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள்தான் வருகின்றன. லதா எழுத்துருவுக்கு மாற்றியும் பலனில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில் 1:
கெடவில்லை, அது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றம், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை. அந்த முக்கால்தான் 'த', சென்ட் குறிதான் இகரக் குறி. அதில் முதல் 128 இடங்களில் ஆங்கிலமும் மீதி இடங்களில் தமிழும் இருக்கும். லதா, யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியேற்றத்துக்கான எழுத்துரு என்பதால் உதவாது. லினக்ஸில் குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் (iconv) கட்டளைக்கு மூலம் திஸ்கி (TSCII), இலக்கு யூனிகோடின் வடிவமான யூடிஎஃப்-8 (UTF-8) என்று கொடுங்கள். மூலக் கோப்பை நோட்பேடில் சேமித்துவிட வேண்டாம், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

சில மடல்களில் சமக்குறியும் அதை ஒட்டி இரண்டு எழுத்துகளுமாக வரிசையாக இருந்தால், முதலில் கோட்டட் பிரிண்டபிள் (quoted-printable) என்ற அந்த அஞ்சல் பொதிவை அவிழ்க்க வேண்டும். 7 பிட்டுக்கு மேல், அதாவது முதல் 128 இடங்களுக்கு அப்பால் உள்ளதைக் கடத்தாத அஞ்சல் வழிகளில் தமிழ் சிதையாமல் போய்ச்சேர அப்படி அனுப்பினார்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது, மிக்க நன்றி! முன்பு நானே எழுத்துக்கு எழுத்து மாற்றியபோது கொம்பெல்லாம் இடம் மாறிப்போனது, இப்போது சரி. ஆனால் சில மடல்களில் 'இப்படி' என்பது 'ப்படி' என்று இருக்கிறது.

பதில் 2:
திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் தலைகீழ். அதனால்தான் கொம்பு குழம்பியது.

'இ' போனதற்குக் காரணம் திஸ்கியில் அதன் எண் 173. மேலைநாட்டுக் குறியேற்றத்தில் அது மறைந்திருக்கும் இணைப்புக்கோடு, சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். மூலக் கோப்பிலேயே இல்லையென்றால் கட்டளையால் மீளாது. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது அல்லவா? புள்ளி எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தேடுங்கள்: ந்த, ல்லை, ன்று எல்லாம் சிக்கும். 'இது', 'இவர்' போன்றவை 'இ' போனாலும் புள்ளி எழுத்தில் தொடங்காது, அவற்றைப் படித்துத்தான் திருத்த வேண்டும்.

ஒரு வேண்டுகோள். திஸ்கியே இப்படிப்பட்ட மடல்களில் விவாதித்து உருவானதுதான். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனும் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரமும் அதில் இருந்தார்கள். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அதே காலத்தது. எனவே மடலின் தலைப்பு வரிகளை வெட்டிவிடாதீர்கள். யார் எந்த மடலுக்குப் பதில் எழுதினார் என்பது அங்கேதான் இருக்கிறது.

கேட்டவர்:
தலைப்பு வரிகளோடு மூலத்தையும் மாற்றியதையும் தனித்தனியாக வைத்துவிட்டேன். 'ந்த' தேடலிலேயே நிறையச் சிக்குகிறது, திருத்திக்கொண்டிருக்கிறேன்.