புல்லுருவி விதைக்கிற குருவி

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குக்கு எதிரே ஒரு பெரிய மரம். நாலாம் மாடித் தாழ்வாரத்தில் நின்றால் அதன் மேல்கிளை கண்ணுக்கு நேரே இருக்கும். செம்முதுகுப் பூக்கொத்தி என்ற குட்டிக் குருவியை அங்கேதான் முதலில் நன்றாகப் பார்த்தேன். அதுவரை சத்தம் மட்டும்தான் பழக்கம். கூழாங்கல்லோடு கூழாங்கல்லைத் தட்டுவது மாதிரி 'டிக், டிக், டிக்'.

ஆண் பறவை. நெற்றியில் தொடங்கி முதுகு முழுக்க, குங்குமத்தைத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி சிவப்பு. இரண்டு பக்கமும் கறுப்பு, வயிறு வெளிர் நிறம். மொத்தமே 9 செ.மீ. இருக்கும். பெண்ணுக்கு வாலுக்கு மேலே மட்டும்தான் சிவப்பு.

அப்போது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கிளையில் தொங்கிய செடியைப் பார்த்ததுமே, "இது புல்லுருவிடா, நம்ம மாமரத்துல வெட்டிப் போடுவோமே" என்றார். பூக்கொத்தி அதன் பழங்களைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கிளையின் நீளவாக்கில் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கத்தைப் பட்டையில் தேய்த்தது. கோந்து மாதிரி ஒரு இழை நீண்டு அறுந்தது. பறவை போனபிறகு பைனாகுலரில் பார்த்தால், பச்சை மணி போல ஒரு விதை பட்டையில் ஒட்டியிருந்தது. பழத்தின் பசை குடலுக்குள் போய் வந்தும் அப்படியே இருக்கிறது! அந்தப் பசை இல்லையென்றால் விதை தரையில் விழுந்து வீணாகும். புல்லுருவிக்கு மரக்கிளைதானே மண். ஊர் மாமரங்களில் இதே வேலையைச் செய்வது, இத்தனை நிறமில்லாத இன்னொரு பூக்கொத்தி.

அப்புறம் ஆசை விடவில்லை. காட்டுக்குள் இருக்கும் ஆரஞ்சு வயிற்றுப் பூக்கொத்தியைத் தேடிப் புக்கிட் தீமாவுக்கு மூன்று காலை போனேன். மூன்றாம் நாள்தான் கிடைத்தது. மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்லும் புதரில், வெடித்த பழத்தின் கருநீலச் சதையைக் கொத்திக்கொண்டிருந்தது. தலையும் இறக்கையும் நீலம் கலந்த சாம்பல், வயிறு ஆரஞ்சு, அலகெல்லாம் நாவல்பழம் தின்ற பிள்ளையின் வாய் மாதிரி கறை. இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. படம் எடுக்கவும் தோன்றவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாழ்வாரத்து விதையை இப்போதும் தினமும் பார்க்கிறேன். பச்சையாய் ஒரு முளை வெளியே வந்து, பட்டையை நோக்கி வளைந்திருக்கிறது. வெட்டிப் போடுவோமே என்ற அம்மாதான் ஊரிலிருந்து போன் போட்டதும் முதலில் கேட்கிறார்: "அது ஒட்டிக்கிச்சாடா?"