வெறும் தகட்டில் முதலில் அமிலமா, நேரே எபாக்சியா?

மைனர்1098

1963 மோரிஸ் மைனர், இரண்டு கதவு. பழைய பெயிண்ட், பட்டி எல்லாம் உரித்தாகிவிட்டது. கதவின் வெளித்தகட்டில் மேலாக ஒரு படலம் துரு. கீழ் விளிம்பில், மடிப்புக்கு இரண்டு விரல் உயரம் வரை ஊசி குத்தியதுபோல் குழிகள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் செதில் செதிலாக உதிர்கிறது, அதன் வெளித்தகடு மாற்ற வேண்டியதுதான்.

பாஸ்பாரிக் அமிலம் போட்டுத் துருவைக் கொன்ற பிறகுதான் பிரைமர் என்கிறது ஒரு கட்சி. அமிலத்தைக் கிட்டவே விடாதே, தகட்டைத் துருவே இல்லாமல் வெள்ளையாக்கி அன்றைக்கே எபாக்சி பிரைமர் (இரண்டு பாகம் கலந்து இறுகும் அடிப்பூச்சு) அடி என்கிறது இன்னொரு கட்சி. வேலை நடப்பது சிங்கப்பூரில், கூரை மட்டும் உள்ள ஷெட்டில். ஏர்கான் இல்லை. கம்ப்ரஸர் 2.5 குதிரைத்திறன். காரணத்தோடு சொல்லுங்கள்.

காக்கிபுக்கிட்_தகரம்

அமிலம்தான் போடணும் தம்பி. காரணம் அந்தக் குழிங்கதான். 80 எண் டிஸ்க் போட்டாலும் அது மேட்டைத்தான் தொடும், பள்ளத்தைத் தொடாது. கம்பிச் சக்கரம் இன்னும் மோசம். துருவை எடுக்காம குழிக்குள்ளேயே அமுக்கி மெருகு போட்டுடும். டார்ச்சைத் தகட்டோட படுக்க வச்சு அடிச்சுப் பாருங்க, பளபளன்னு இருக்கிற இடத்துல கறுப்புப் புள்ளி ஒவ்வொண்ணா தெரியும். அத்தனையும் துரு.

முதல்ல பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுத் தேய்ச்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. பிசுக்கு இருக்கிற இடத்துல அமிலம் பிடிக்காது. 85 சதவீத பாஸ்பாரிக் வாங்கினா 4 பங்கு தண்ணியில 1 பங்கு அமிலத்தை ஊத்துங்க. தண்ணிக்குள்ளதான் அமிலம், மாத்தி ஊத்தக்கூடாது. சிவப்பு ஸ்காட்ச்-பிரைட்டால தேய்ச்சு 10, 15 நிமிஷம் ஈரமாவே வச்சிருங்க. காயுதுன்னா திரும்ப நனைங்க. கறுப்பா வழிஞ்சு தகடு சாம்பல் நிறத்துக்கு வரும். கழுவி, காய வச்சு, பிரைமர் அடிங்க. நம்ம ஊர் ஈரத்துல வெறும் தகட்டைச் சும்மா விட்டா ராத்திரி தாங்காது. அமிலம் போட்ட தகடு ரெண்டு மூணு நாள் தாங்கும்.

எபாக்சி_முதல்

கம்பிச் சக்கரம் பற்றி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை.

எபாக்சி பிரைமரின் ஹார்ட்னர், அதாவது அதை இறுக வைக்கும் இரண்டாம் பாகம், அமீன் வகை. அமீன் காரத்தன்மை கொண்டது. தகட்டில் மிச்சமிருக்கும் அமிலம் முதலில் அந்த அமீனைத்தான் பிடிக்கும். ஆக, தகட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கில் ஹார்ட்னர் பற்றாமல் போகிறது. மேலே கல்லாக இறுகியிருக்கும், அடியில் அரைவேக்காடு. பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே விளிம்பில் நகத்தை வைத்தால் பாளம் பாளமாக வருவது இதனால்தான். எபாக்சி தயாரிப்பாளர்கள் பலர் அமிலம் பூசிய தகட்டுக்கு மேல் அடிக்காதே என்று தரவுத்தாளிலேயே எழுதுகிறார்கள்.

"கழுவி, காய வச்சு" என்று அண்ணன் ஒரே வரியில் தாண்டிவிட்டார். சிக்கல் முழுவதும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. அமிலம் இரும்போடு சேர்ந்து உண்டாகும் பாஸ்பேட் உப்பு காய்ந்துவிட்டால் வெறும் தண்ணீருக்கு முழுதாகக் கரையாது. ரெண்டு மூணு நாள் தாங்கும் என்கிறீர்களே, அந்தத் தகட்டை நனைத்து பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 3, 4 என்றுதான் காட்டும், அதாவது இன்னும் அமிலம்தான்.

குழிக்கு வழி பிளாஸ்ட், அதாவது கார்னெட் என்ற கடினமான கல் துகளைக் காற்றழுத்தத்தால் வீசி அடிப்பது. 80 மெஷ் கார்னெட்டைச் சிறு ஸ்பாட் பிளாஸ்டர் கன்னில் போட்டுக் குழி உள்ள பட்டையில் மட்டும் அடித்தால் போதும்.

காக்கிபுக்கிட்_தகரம்

ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு தம்பி. பிளாஸ்ட் அடிச்சா அப்பளம் மாதிரி நெளிஞ்சுடும். அப்புறம் அதுக்கு மேல நாலு கிலோ பட்டி. இன்னொண்ணு, 2.5 குதிரைத்திறன்ல எத்தனை நிமிஷம் ஓடும்?

எபாக்சி_முதல்

நெளிவது உண்மை. சூட்டினால் நெளிகிறது என்று பலர் நினைப்பதுதான் தப்பு. கார்னெட் துகள் ஒவ்வொன்றும் சுத்தியல்போல் தகட்டின் ஒரு முகத்தை அடித்து விரிக்கிறது, மறுமுகம் விரியவில்லை, அதனால் வளைகிறது. ஆகவே காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள். கன்னை நேராகப் பிடிக்காமல் 30, 40 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். கதவின் நடுப்பகுதி தட்டையாக இருக்கிறது, அங்கே பிளாஸ்ட் வேண்டவே வேண்டாம், டிஸ்க் போதும். கீழ் விளிம்பு மடிப்பால் விறைப்பாக இருப்பதால் தாங்கும். ஆற்று மணலை மட்டும் தொடாதீர்கள், சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

கம்ப்ரஸர் சிறியதுதான். 20 விநாடி அடித்து, டாங்கி நிரம்பக் காத்திருந்து, மறுபடி 20 விநாடி. ஒரு கதவின் கீழ்ப்பட்டைக்கு அரை நாள் ஆகும். வேலை நிலைத்து நிற்பது இங்கேதான், அந்த அரை நாளைக் கொடுக்க வேண்டும்.

பழைய_பெயிண்டர்

தம்பிகளே, எட்ச் பிரைமரை யாரும் பேசவில்லையே. வெறும் தகட்டுக்கு அந்தக் காலத்தில் அதுதான். பாலிவினைல் பியூட்டிரல் பிசினும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தது. தகட்டைக் கடித்துப் பிடிக்கும். 10 மைக்ரான் போதும், தகடு மங்கலாகத் தெரிகிற அளவு மெல்லிய ஒரு பூச்சு. அரைமணி கழித்து 2கே சர்ஃபேசர், அதாவது இரண்டு பாகம் கலந்து அடித்துத் தேய்த்துச் சமப்படுத்தும் பூச்சு. அமிலம் பிரைமருக்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கழுவும் வேலையே இல்லை.

எபாக்சி_முதல்

அண்ணே, துரு துளியும் இல்லாத புதுத் தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் அது நல்ல சரக்கு. இவர் கதவுக்குப் பொருந்தாது. எட்ச் தண்ணீரைத் தடுக்காது, சர்ஃபேசரும் தடுக்காது. இரண்டும் ஈரத்தை உறிஞ்சும். இந்த நிலையில் காரை ஒரு மாதம் நிறுத்தினாலே அடியில் துரு தொடங்கிவிடும். எட்ச்சுக்கு மேல் நேரே பட்டி போட்டால் அமிலம் பட்டியின் இறுக்கத்தைக் கெடுக்கும். எபாக்சியும் மேலே போடக்கூடாது, காரணம் முன்பே சொன்ன அமீன்தான். குழி உள்ள கதவுக்குப் பட்டி எப்படியும் வேண்டும். எபாக்சிக்கு மேல் பட்டி போடலாம், கீழே தகடு மூடியே இருக்கும்.

பழைய_பெயிண்டர்

பட்டி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். எட்ச் அடித்த கதவை அப்படியே நிறுத்தி வைப்பது தப்பு என்பதும் சரி. அலுமினிய பீடிங், கிரில் இவற்றுக்கு நான் எட்ச்சை விடமாட்டேன்.

காக்கிபுக்கிட்_தகரம்

சரி, எபாக்சி தம்பிக்கு ஒரு கேள்வி. திறந்த ஷெட். காலையில 9 மணிக்கு பிளாஸ்ட் அடிச்ச தகடு 11 மணிக்கு மஞ்சளா மாறிடும். அந்த மஞ்சளுக்கு மேல எபாக்சி அடிக்கலாமா? குழிக்குள்ள இருக்கிற உப்பை கார்னெட் எடுக்குமா?

எபாக்சி_முதல்

இரண்டுமே நியாயமான கேள்வி. உப்பிலிருந்து தொடங்குகிறேன். உப்பில் உள்ள குளோரைடை கார்னெட் முழுசாக எடுக்காது. அமிலமும் எடுக்காது, அதைக் கரைத்துக்கொண்டு போவது தண்ணீர் மட்டும்தான். முதல் பிளாஸ்டுக்குப் பிறகு சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே ஹீட் கன்னால் உலர்த்தி, ஒரு இரவு வெறுமனே விடுங்கள். மறுநாள் எங்கே கறுத்து ஈரம் பூத்ததுபோல் புள்ளி வருகிறதோ அங்கே உப்பு இருக்கிறது. அங்கே மட்டும் மறுபடி பிளாஸ்ட், மறுபடி கழுவல். சந்தேகம் தீர வேண்டுமென்றால் பொட்டாசியம் ஃபெரிசயனைடு தோய்த்த தாளை நனைத்து ஒட்டிப் பாருங்கள். கரையும் இரும்பு உப்பு இருந்தால் நீலப் புள்ளி விழும்.

அடுத்து நேரம். காலை 9 மணிதான் தப்பு. விடியற்காலை 26 டிகிரி, 92 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள், பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24.6 டிகிரி. பிற்பகல் 32 டிகிரி, 65 சதவீதம் என்றாலும் பனிநிலை அதே 24.6 டிகிரிதான். காற்றில் உள்ள தண்ணீர் மாறவில்லை, தகடுதான் சூடேறியிருக்கிறது. தகடு பனிநிலையைவிட குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது விதி. காலையில் வித்தியாசம் ஒன்றரை டிகிரி கூட இல்லை, பிற்பகலில் ஏழு டிகிரிக்கு மேல். ஆகவே கடைசி பிளாஸ்ட் காலை 11 மணிக்கு, எபாக்சி 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில். ஒரு நாளைக்கு ஒரு கதவு. சுமத்ரா காற்று அடித்து மழை கொட்டிய காலையில் தொடங்காதீர்கள். டிசம்பர், ஜனவரி மழையில் வேலையைத் தள்ளிப்போடுவதே உத்தமம்.

உரித்த கதவைப் பாதுகாக்கிறேன் என்று ஏர்கான் அறையில் வைப்பவர்கள் உண்டு. 24 டிகிரி தகட்டை வெளியே கொண்டுவந்த அடுத்த நிமிடம் அது வேர்க்கும், குளிர்ந்த டின் பானம்போல. கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. பிளாஸ்ட் அடித்த தகட்டில் வெறுங்கை பட்டால் மறுநாள் காலை கைரேகை வரிவரியாகத் துருவில் அச்சாகியிருக்கும்.

மஞ்சள் பூத்துவிட்டால் அதன்மேல் அடிக்கக்கூடாது. 80 எண் தாளால் தேய்த்துத் தூசு துடைத்து அடியுங்கள். ஐந்து நிமிட வேலை.

காக்கிபுக்கிட்_தகரம்

ஏர்கான் சங்கதி நல்லா சொன்னீங்க. ஆனா கம்ப்ரஸர் தண்ணியை விட்டுட்டீங்க. இங்க பாதிப் பேர் பிரைமர்ல கொப்புளம்னு அழுறது அதனாலதான். 30 டிகிரி, 85 சதவீத ஈரத்துல ஒரு கன மீட்டர் காத்துல 25 கிராம் போல நீராவி இருக்கு. நிமிஷத்துக்கு 200 லிட்டர் இழுத்தா மணிக்கு 12 கன மீட்டர், 300 கிராம் தண்ணி. பெரும்பங்கு டாங்கியில நிக்கும், மிச்சம் உங்க கன் வழியா கதவுக்கு வரும். தண்ணி வடிகட்டியைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினா பிரயோஜனமில்லை, காத்து சூடா இருக்கும்போது தண்ணி ஆவியாவே தாண்டிப்போயிடும். ஏழெட்டு மீட்டர் குழாய்ல ஆறின பிறகு மாட்டுங்க. அரைமணிக்கு ஒருதரம் டாங்கியைத் திறந்து வடிங்க.

அமிலத்தை நான் முழுசா விடப் போறதில்லை. பிளாஸ்ட் கன் நுழையாத குழி இருக்கு, கீல் பின்பக்கம், ஜன்னல் கால்வாய் ஓரம். அங்க என்ன பண்றது?

எபாக்சி_முதல்

அங்கே போடுங்கள், மறுக்கவில்லை. எடுக்கும் முறைதான் முக்கியம். காய்ந்த அமிலத்தைத் தண்ணீர் எடுக்காது, புது அமிலம் எடுக்கும். அதே அமிலத்தை மறுபடி பூசி ஈரமாக்கி, தேய்த்து, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஈரத் தகட்டில் பிஎச் தாள் 6.5, 7 காட்டும் வரை விடாதீர்கள். உடனே ஹீட் கன், பிறகு 80 எண் தாளால் ஒரு தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில் பாஸ்பேட் படலமும் போய்விடும். எபாக்சிக்கு வேண்டியது கீறல் உள்ள வெறும் இரும்பு.

காக்கிபுக்கிட்_தகரம்

கழுவுறதுக்கு முன்னாடி புது அமிலத்தால திரும்ப நனைக்கிறதைத்தான் நான் முதல்லயே சொல்லியிருக்கணும். பிஎச் தாள் நல்ல யோசனை, டப்பா சில வெள்ளிதான். பாஸ்பேட் படலத்தைத் தேய்ச்சு எடுக்கணுங்கிறதை மட்டும் இன்னும் ஏத்துக்கல. கழுவி நடுநிலைக்கு வந்த படலம் துருவைத் தடுக்கும்.

எபாக்சி_முதல்

தொழிற்சாலைத் தொட்டியில், வெப்பமும் செறிவும் அளந்து போட்ட துத்தநாக பாஸ்பேட் தடுக்கும். ஸ்காட்ச்-பிரைட்டால் கையில் தேய்த்தது ஒரு இடத்தில் படலம், ஒரு இடத்தில் பொடி. அண்ணனுக்கு நம்பிக்கை இருந்தால் இரண்டு துண்டுத் தகட்டில் இரண்டு விதமாகச் செய்து ஒரே நாளில் எபாக்சி அடித்து, 7 நாள் கழித்து 48 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். வெளியே எடுத்து பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு கீறி, டேப் ஒட்டி இழுங்கள். காய்ந்த தகட்டில் இரண்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும். நனைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

தெம்பனிஸ்_பீட்டில்

இடையில் வருகிறேன். தரைத்தகட்டுக்கு போர்-15 என்ற துருத்தடுப்பு பெயிண்ட் அடிக்கலாமா? கீல், போல்ட் மாதிரி சின்னச் சாமான்களுக்கு?

காக்கிபுக்கிட்_தகரம்

தரைக்கு அடிப்பக்கம் தாராளமா அடிக்கலாம். அது காத்து ஈரத்தை வச்சே இறுகுற சரக்கு. வழவழன்னு மெருகான தகட்டுல பிடிக்காது, சொரசொரப்பு வேணும். வெயில் பட்டா நிறம் மாறும், மேல பெயிண்ட் வேணும். டின் மூடிக்கு அடியில பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்க, இல்லன்னா அடுத்த தடவை மூடி வராது. கீலுக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், ஒரு ராத்திரி ஊறினா போதும். ஸ்ப்ரிங்கையும் உயர்வலு போல்ட்டையும் எந்த அமிலத்திலும் போடாதீங்க, ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும்.

மைனர்1098

கதவு தெளிவாகிவிட்டது, இரண்டு பேருக்கும் நன்றி. சில் பெட்டிக்கும் இதே முறைதானா? எபாக்சி கலவை அளவும் சொல்லுங்கள்.

காக்கிபுக்கிட்_தகரம்

சில்லுக்குள்ள அமிலம் வேண்டாம். இதுல நான் எபாக்சி தம்பி கட்சி. ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு படியுற இடுக்குல அமிலம் தந்துகி மாதிரி ஏறிடும், எத்தனை தண்ணி விட்டாலும் வெளிய வராது. வெல்டிங்குக்கு முன்னாடி அடிக்கிற துத்தநாக பிரைமரையும் அது கரைச்சுடும். செதிலைச் சுரண்டி எடுங்க, அழுகினதை வெட்டுங்க. புதுத் தகட்டோட உள்முகத்துக்கும் பழைய உள்சில்லுக்கும் எபாக்சி அடிச்சு, வெல்ட் விழுற விளிம்பு 20 மில்லிமீட்டரை மட்டும் விட்டு அங்க துத்தநாக பிரைமர். வெல்ட் முடிஞ்சு, பெயிண்ட் எல்லாம் முடிஞ்ச பிறகு உள்ள கேவிட்டி மெழுகு, அதாவது மூடின பெட்டிக்குள்ள தெளிக்கிற துருத்தடுப்பு மெழுகு. சுத்திலும் தெளிக்கிற நீளக் குழாய் முனை வாங்குங்க. மெழுகு அடிச்சதும் வடிகால் ஓட்டையைக் கம்பியால குத்தித் திறந்து விடுங்க. கிளாசிக் கார் திட்டத்துல வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டுல. மிச்ச நாள் கார்பேட்டையில நிக்கும்போது சில்லுல நிக்கிற தண்ணி காய வழியே இருக்காது.

எபாக்சி_முதல்

கலவை விகிதம் டின்னுக்கு டின் மாறும், உங்கள் டின்னின் தரவுத்தாள்தான் சட்டம். கலந்ததும் அடிக்காமல் அதில் சொன்ன நேரம், பெரும்பாலும் 20, 30 நிமிடம், மூடி வையுங்கள். தாளில் எழுதிய பயன்பாட்டு நேரம், அதாவது கலந்தது கெட்டியாகும்முன் அடித்து முடிக்க வேண்டிய நேரம், பெரும்பாலும் 20 டிகிரிக்கு. 30 டிகிரியில் அதில் பாதி என்று கணக்கு வையுங்கள், ஒரு கதவுக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். இரண்டு பூச்சு, நடுவே 30 நிமிடம், காய்ந்தபின் மொத்தம் 50 மைக்ரான் வரட்டும். கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி கட்டாயம்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஈரம் ஏறும்போது இறுகாத எபாக்சியில் மெழுகுபோல் ஒரு பிசுக்கு படியலாம். அமீனும் காற்று ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து வருவது. தின்னர் போட்டுத் துடைத்தால் பரவும், போகாது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்காட்ச்-பிரைட்டும் போதும், பிறகு காயவிட்டு பட்டி. தாளில் சொன்ன மறுபூச்சு நாள் தாண்டிவிட்டால் 320 எண் தாளால் முழுக்கதவையும் மங்கலாக்காமல் மேலே எதுவும் அடிக்காதீர்கள்.