புதுப்பிப்பு: ரேண்டம் தமிழ் வார்த்தைல வந்த புள்ளி வட்டம் போயிடுச்சு

டெஸ்ட் பண்ண பைதான் ப்ரோக்ராம்ல ரேண்டமா தமிழ் வார்த்தை உருவாக்கினா நடுவுல கட்டமும் புள்ளி வட்டமும் வருதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, காரணம் புடிபட்டுடுச்சு. யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற பொது அட்டவணை) தமிழுக்குன்னு இருக்குற 128 இடத்துல 72 தான் நிரம்பியிருக்கு, நான் மொத்தத்துலேருந்தும் எடுத்ததால காலி இடம் கட்டமா வந்துச்சு, மெய் இல்லாம தனியா விழுந்த காலும் கொம்பும் புள்ளி வட்டத்தோட நின்னுச்சு. இப்போ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம்னு 247 எழுத்தையும் லிஸ்ட்டா வச்சு அதுலேருந்து எடுக்குறேன், முதல் எழுத்தா மெய்யும் ஆய்தமும் வராம ஒரு இஃப் நிபந்தனையும் போட்டுட்டேன். செம நிம்மதி! நீளத்தையும் லிஸ்ட் கணக்குலயே பாருங்க, ஒரே எழுத்தான 'கொ'வ பைதான் க தனி, குறி தனின்னு 2ன்னு எண்ணும். சீட் (ரேண்டம் தேர்வு தொடங்குற எண்) 42ன்னு வச்சதும் ஃபெயிலான அதே வார்த்தை மறுபடி கிடைக்குது, அத சொன்னவருக்கு ரொம்ப நன்றி.