ஸ்க்ரோல் சா: சுருள்வாளா, நுண்ணரமா, கருக்குவாளா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

மரவேலை பழகுகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூடியில் பூவேலை போட்ட சிறு மரப்பெட்டி செய்வது எப்படி என்பதுதான் பொருள். வேலை முழுக்க ஸ்க்ரோல் சா என்ற எந்திரத்தில் நடக்கிறது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் அந்தப் பெயரை எழுதக் கை கூசுகிறது. இணையத்தில் ‘சுருள் ரம்பம்’ என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. மனம் ஒப்பவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தையல் எந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்கும் இடத்தில் 5 அங்குல நீளத்தில் மெல்லிய அலகு, மேலும் கீழும் ஓடும். துணியை நகர்த்துவது போலப் பலகையை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலகின் மேல்முனையைக் கழற்றலாம். பலகையில் துளை போட்டு, அதில் அலகை நுழைத்து, மறுபடி பூட்டி முறுக்கினால், ஓரத்தை வெட்டாமலே நடுவில் ஒரு பூவை அறுத்து எடுக்கலாம். பேண்ட் சா என்ற இன்னோர் அறுக்கும் எந்திரத்தில் இது நடக்காது. அதன் அலகு முடிவில்லாத வளையம்.

சொல் தாருங்கள்.

மடல் 2

வணக்கம் ஐயா.

யாழ்ப்பாணத்தில நாங்கள் ரம்பம் எண்டு சொல்லுறது குறைவு. வாள்தான். ஓடாவியார், அதுதான் தச்சர், ‘அந்த வாளை எடு தம்பி’ எண்டால் ஒருத்தரும் பயப்படுறதில்லை. ஆகவே முதலில ரம்பத்தை விட்டிட்டு வாளுக்கு வாருங்கோ. சொல் சின்னதா வரும், மற்றச் சொற்களோட ஒட்டும். ‘சுருள்வாள்’ எண்டு வைச்சால் என்ன?

மடல் 3

> ‘சுருள்வாள்’ எண்டு வைச்சால் என்ன?

வைக்க முடியாது. சிலம்பம் ஆடுகிறவர்கள் இடுப்பில் சுற்றி வைத்து உருவிச் சுழற்றும் ஆயுதத்துக்குப் பெயரே சுருள்வாள்தான். மரப்பெட்டி செய்யப் போன பிள்ளையைச் சண்டைக்கு அனுப்ப வேண்டாம்.

என் பரிந்துரை ‘நுண்ணரம்’. சங்கப் பாடலில் ‘அரம்போழ் அவ்வளை’ என்று வருகிறது. சங்கை வளையாக அறுத்த கருவி அரம். நுட்பமாக அறுப்பதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய சொல் கையில் இருக்கும்போது வாளுக்கு ஏன் போக வேண்டும்?

மடல் 4

இருவருக்கும் நன்றி.

அரம் எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று எந்தப் பட்டறையில் ‘அரம்’ என்று கேட்டாலும் அராவுகிற கருவிதான் கைக்கு வரும். அதிலும் இந்த வேலையில் அறுத்து முடித்தபின் உள்மூலைகளைத் தேய்க்க ஊசி போன்ற சிறு அரங்கள் வேண்டும். நுண்ணரம் என்ற பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும். நுண்ணரத்தால் அறுத்து அரத்தால் தேய்க்கவும் என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

சுருளைப் பற்றி இன்னொன்று. ஸ்க்ரோல் என்றதும் நமக்குச் சுருட்டிய ஓலையோ கணினித் திரையோ நினைவுக்கு வருகிறது. இந்தக் கருவியின் பெயரில் இருப்பது அதுவல்ல. கொடிபோல் சுழித்துச் சுழித்துப் போகும் பூவேலைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அந்த வேலையை அறுப்பதால் கருவிக்கு அந்தப் பெயர். ஆக, ‘சுருள் ரம்பம்’ சொல்லைப் பார்த்துப் பொருளைத் தவறவிட்ட பெயர்ப்பு.

மற்றவர்கள் எங்கே பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஜப்பானியருக்கு இது ‘இதோநோகோ’, நூல்வாள். அவர்கள் அலகின் மெலிவைப் பார்த்தார்கள். ஜெர்மானியர் கையால் அறுக்கும் இதன் மூத்த உறவை ‘லௌப்ஸேகெ’ என்கிறார்கள், தழைவாள். அவர்கள் பார்த்தது அறுத்த வடிவத்தை. இத்தாலியர் ‘த்ராஃபோரோ’ என்று துளைப்பதைப் பிடித்தார்கள். நூல்வாள் என்பதை ‘இழைவாள்’ ஆக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தச்சரிடம் இழைப்பது என்றால் இழைப்புளி தள்ளுவது. போச்சு.

இதற்கிடையில் பெட்டியையும் செய்து முடித்தேன். 18 மி.மீ. தேக்குப் பலகை இரண்டு, அடிக்கு 6 மி.மீ. ஒன்று. முதலில் இரண்டு பலகைகளிலும் உள்வட்டத்தை அறுத்து எடுத்து, வளையங்களாக ஒட்டி, அடியையும் ஒட்டிக் காய்ந்தபின்தான் வெளிக்கோட்டை அறுக்க வேண்டும். அப்போதுதான் மூன்றின் பக்கமும் ஒரே சுவராக வரும். வரிசையை மாற்றினால் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். கனமான மரத்தில் அலகு சூடேறி விளிம்பு கருகும். பலகையில் ஒட்டிய அறுக்கும் படத்தின் மேல் பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டிக்கொண்டால் அது வெகுவாகக் குறையும்.

மூடியில்தான் அடி வாங்கினேன். மெல்லிய தேக்குத் தகட்டில் கொடி வரைந்து அறுத்தேன். கொடியின் கழுத்து மரத்தின் ரேகைக்குக் குறுக்கே போன இடமெல்லாம், விரல் பட்டதும் பொடுக்கென்று ஒடிந்தது. இரண்டு மூடி போன பிறகு 4 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு மாறினேன். அதில் ரேகை அடுக்குக்கு அடுக்கு குறுக்கே ஓடுவதால் ஒடியவில்லை. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வருவது இன்னொரு பாடம்; ஓரத்தை முதலில் அறுத்தால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ள மரம் இருக்காது.

தேர் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மூடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ‘கருக்கு நல்லா வந்திருக்கு’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. சிற்பத்தில் கொடிக்கருக்கு என்பதே இந்தச் சுழித்தோடும் பூவேலைதான். கருக்கு என்றால் பல்லும்தான்: பனைமட்டையின் கருக்கு, கதிர் அறுக்கும் பல்வைத்த கருக்கரிவாள். அறுக்கும் பல்லுக்கும் அறுத்து வரும் பூவுக்கும் ஒரே சொல் தமிழில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடியிருக்கிறேன்.

கருக்குவாள். என்ன சொல்கிறீர்கள்?

மடல் 5

> கருக்குவாள்

சொல் வடிவு. கருக்குமட்டை கீறின தழும்பு காலில இருக்கிற எனக்கு மறக்கவும் மறக்காது. ஆனா ரெண்டு கேள்வி. கருக்கரிவாளோட குழம்பாதோ? ஜிக் சாவையும் இதையும் எங்கட பெடியள் ஒண்டாத்தான் சொல்லுறாங்கள். அதுக்கு என்ன செய்யப் போறியள்?

மடல் 6

வயலில் நிற்பவரும் பட்டறையில் நிற்பவரும் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன். ஜிக் சா வேறு. அதில் மரம் அசையாது, கருவியைத்தான் கையில் பிடித்து ஓட்டுகிறோம். அதற்கு இந்த இழையிலேயே பெயர் தேடினால் இரண்டும் கெடும்; தனி மடலில் தொடங்குங்கள்.

‘நுண்ணரம்’ சொன்ன ஐயாவுக்கு: எழுத்தில் சொல்லாமல் மனத்தில் வருந்துகிறீர்கள் என்று தெரிகிறது. தேய்க்கும் கட்டத்தில் உங்கள் சொல்லைத்தான் போடப்போகிறேன்.

மடல் 7

வருத்தமில்லை. ஒன்று மட்டும். இந்த எந்திரத்துக்கு முறுக்கிய கம்பி போல நாலாபக்கமும் பல் உள்ள அலகும் கிடைக்கிறது. பலகையைத் திருப்பாமலே எந்தப் பக்கமும் அறுக்கும். அதற்குச் ‘சுருள் அலகு’ என்று எழுதுங்கள். சுருள் அங்கேதான் உண்மையாகவே இருக்கிறது.

மடல் 8

எழுதிவிட்டேன். கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறேன்: ‘இந்நூலில் இது கருக்குவாள். கடையில் கேட்கும்போது ஸ்க்ரோல் சா என்றே கேட்கவும். இல்லாவிட்டால் கதிர் அறுக்கும் அரிவாளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.’