ஆறு அங்குல ஸ்விங்ஆர்ம் எக்ஸ்டென்ஷன்: தோட்டச் சாலைக்கு ஒத்துவருமா?

கேள்வி: சிப்புட்காரன்

வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு யமஹா ஆர்6 மோட்டார்சைக்கிள். முதல் கியரில் முடுக்கும்போது முன்சக்கரம் மேலெழுவதைக் குறைக்கவும், வண்டி நீண்டு தாழ்ந்த தோற்றம் பெறவும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் முனையில் ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன், அதாவது நீட்டிப்புத் துண்டு, பொருத்த விரும்புகிறேன். அரை நாளில் மாட்டிவிடலாம் என்கிறார்கள். தோட்டங்களை ஒட்டிய லிந்தாங் சாலை வழியாக வேலைக்குச் செல்வதும் இதே வண்டியில்தான். சில நாள்களில் தம்பியும் பின்னால் அமர்வான். செயினைத் தவிர வேறு எதை மாற்ற வேண்டும்?

பதில்: பட்டறை அண்ணன்

தம்பி, மாற்ற வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்சக்கர அச்சு ஆறு அங்குலம் பின்னால் போனால் செயினின் மேல் ஓட்டமும் கீழ் ஓட்டமும் அதே அளவு நீளும், 15.875 மி.மீ. இடைவெளியுள்ள செயினில் அது 19 கண்ணிக்குச் சற்று மேல் வருவதால் 20 கண்ணி கூடுதலாக வேண்டும். பழைய செயினோடு துண்டு சேர்க்காதீர்கள். முழு நீளச் செயினாக வாங்கி ரிவெட் இணைப்புப் போடுங்கள். பின் பிரேக் ஹோஸும் நீளமாக வேண்டும். உங்கள் மாடலில் ஏபிஎஸ் இல்லாததால் சென்சர் வயர் வேலை மிச்சம். பிரேக் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுழலாமல் பிடிக்கும் தடுப்பு எக்ஸ்டென்ஷனிலும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அது இல்லாவிட்டால், பிரேக்கை மிதித்தவுடன் பிராக்கெட் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு போய்விடும்.

அரை நாள் கணக்கில் ஷாக் அப்சார்பரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். எடுத்துக்காட்டாக 580 மி.மீ. ஆர்ம் 732 ஆனால், சக்கரத்தில் விழும் அதே சுமை ஷாக்கை 1.26 மடங்கு அழுத்தும்; சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் விறைப்போ அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறைந்து, பழையதில் 63 விழுக்காடுதான் மிஞ்சும். தம்பியும் ஏறி அமர்ந்தால், செம்பனை லோரிகள் பள்ளமாக்கிய சாலையில் ஷாக் அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கும். பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, கூட்டினால் உயரம் திரும்புமே தவிர விறைப்பு திரும்பாது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

பதில்: நேர்கோட்டுக்காரன்

அண்ணன் சொல்வது சரியே. ஆனாலும் எக்ஸ்டென்ஷனை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. சக்கர இடைவெளி சுமார் 1380 மி.மீ.யிலிருந்து 1530க்கு நீளும்போது வண்டி எடையில் முன்சக்கரத்தின் பங்கு பாதிக்குச் சற்று மேலிருந்து ஏறத்தாழ 56 விழுக்காடாக உயர்வதால், வண்டி எழும்பாமல் நேராகப் பாய்கிறது. நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் பந்தயத்தில் இதற்குத்தான் மதிப்பு. முன்னால் கூடிய எடை பின்சக்கரத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சூடேற்றிய டயரும் பிசின் பூசிய தடமும் இருக்கும் இடத்தில் அது பொருட்டில்லை. மழைக்குப் பின் லோரிச் சக்கரங்கள் செம்மண்ணை இழுத்துவந்து அப்பிய தார்ச்சாலையில், நீங்கள் முறுக்குகிற ஒவ்வொரு முறையும் பின்சக்கரம் வழுக்கும். பந்தயத்திற்கு என்றாலும் நான் போல்ட்டில் மாட்டும் துண்டை விரும்பமாட்டேன். அச்சுத் துளை இருந்த முனையில் முன்பு வளைவிசையே கிடையாது, இப்போது நீட்டிய துண்டின் நெம்பல் முழுவதும் அங்கேதான் விழுகிறது. அதற்கென நீளமாகவே செய்த ஸ்விங்ஆர்ம்தான் சரி.

பதில்: லயத்துப் பையன்

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியில்லாமல் கட்டமைப்பை மாற்றிப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் இழப்பீடு மறுக்கப்படவும் இடமுண்டு. பின்னால் தம்பி அமர்கிறான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சிப்புட்காரன்

நன்றி அண்ணன்மார்களே. அப்படியானால் முன்சக்கரம் எழுவதைக் குறைக்க வேறு வழி உண்டா?

பட்டறை அண்ணன்

பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரத்தில்) 45 பல்லுக்குப் பதிலாக 42 போடுங்கள்; சக்கரத்தை அடையும் இழுவிசை ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும், முதல் கியர் சாந்தமாகும். செயின் தொய்வை மறுபடி சரிசெய்ய வேண்டும். வேகமானி கியர்பெட்டியிலிருந்து கணக்கெடுப்பதால் இனி அதே வேகத்தில் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். கேமரா இருக்கும் சாலைகளில் அதை மனத்தில் வைத்து ஓட்டுங்கள்.