எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே தேதி: இது நியாயமா?

ஓசூர்_பயணி எழுதியது:
பெங்களூர் பொம்மசந்திராவில் எந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். வீடு ஓசூரில். "கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது திரும்பக் கூப்பிடுவது என்று நாலு பக்கம் எழுதிக் கொடு" என்று எங்கள் ஜி.எம். (பொது மேலாளர்) கேட்டிருக்கிறார்.

எங்களிடம் மூன்று வகை ஆட்கள். மெஷினில் நிற்பவர்கள், கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர்கள், ஏஜென்சி மூலம் வரும் செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங்கும். 2020-ல் மூவருக்கும் மூன்று நியாயம் நடந்தது. டிசைன் ஆட்கள் வீட்டிலிருந்தே முழுச் சம்பளம் வாங்கினார்கள். மெஷின் ஆட்களை மே மாதம் கூப்பிட்டோம். ஓசூர்ப் பக்கம் இருந்தவர்கள் பலர் மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் இ-பாஸ் இல்லாமல் திரும்பிப் போனார்கள், அவர்களுக்கு ஆப்சென்ட் விழுந்தது. ஏஜென்சி ஆட்கள் என்ன ஆனார்கள் என்று எங்கள் ஆபீசில் கேட்டவர் யாருமில்லை.

ஜி.எம். சொல்வது: அடுத்த முறை எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே தேதி, வராதவருக்குச் சம்பளம் கிடையாது. எனக்கு ஒப்பவில்லை, ஆனால் பதில் வாதம் கோவையாக வரமாட்டேன் என்கிறது. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

ரிங்ரோடு_எச்ஆர் எழுதியது:
உங்கள் ஜி.எம். சொல்வதில் பாதி சரி. ஒரே விதி வேண்டும். நான் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு ஐடி கம்பெனியில் மனிதவளத்தில் இருக்கிறேன். நாங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்தபோது "அந்தந்த மேனேஜர் முடிவு செய்துகொள்ளலாம்" என்று விட்டோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு டீம் மொத்தமும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் உட்கார்ந்து வேலை பார்த்தது. பக்கத்து டீமுக்கு வாரம் மூன்று நாள் ஆபீஸ். என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை "எனக்கு வீட்டிலிருந்து வேலை கொடு" என்று இல்லை. "அவனுக்கு மட்டும் ஏன்?" என்றுதான் இருந்தன.

வாய் உள்ளவர் சலுகை வாங்கிவிடுவார். மாமனாருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் இருந்த பெண் கடைசிவரை கேட்கவே இல்லை. ராஜினாமாக் கடிதத்தில்தான் எங்களுக்கே தெரிந்தது. அதனால் சலுகையை மேனேஜர் கையில் கொடுக்காதீர்கள். யாருக்கெல்லாம் விலக்கு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: கர்ப்பிணிகள், வீட்டில் தீராத நோயாளி இருப்பவர், குழந்தை காப்பகம் திறக்காதவரை சின்னக் குழந்தை உள்ளவர். 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. காப்பகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அம்மாவை மட்டும் வரச் சொல்வது என்ன கணக்கு? மற்ற எல்லாருக்கும் ஒரே தேதி.

பீன்யா_பட்டறை எழுதியது:
மேடம், விலக்குப் பட்டியல் எல்லாம் ஆயிரம் பேர் உள்ள கம்பெனிக்கு. என்னிடம் இருபது பேர். கம்ப்யூட்டரில் ஓடும் மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் இரண்டு சிஎன்சி செட்டரில் ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் பாதிப் பட்டறை நின்றுவிடும்.

2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்கு காலத்துக்கு எல்லாருக்கும் பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் தரவேண்டும் என்று. யார் பணத்தில்? எனக்கு வரவேண்டிய பில் எல்லாம் பெரிய கம்பெனிகளில் முடங்கிக் கிடந்தது. ஏப்ரல் சம்பளத்தை மனைவியின் நகையை வைத்துக் கொடுத்தேன். மே சம்பளத்தில் பாதி. மே 18-லிருந்து அந்த உத்தரவு இல்லை என்று ஆக்கினார்கள். ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. அதற்குள் பாதி கொடுத்தவன் திருடன் என்று ஊரெல்லாம் பேசியாகிவிட்டது.

அரசு உதவி என்று ஒன்று வந்தது, அதையும் சொல்கிறேன். நூறு பேருக்குள் இருக்கும் இடத்தில் தொண்ணூறு சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் கீழே வாங்கினால் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் சேர்ந்த பிஎஃப் 24 சதவீதத்தையும் அரசே கட்டும் என்றார்கள். என் பட்டறையில் நாலு பேர் அதற்கு மேலே. இருபதில் நாலு என்றால் மீதிப் பதினாறு பேருக்கும் கிடையாது. நல்ல சம்பளம் கொடுத்ததற்குப் பரிசு!

மாரிக்குப்பம்_வண்டி எழுதியது:
நான் ஒரு ஐடி பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். வீடு கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல். தங்கச் சுரங்கத்தை 2001-ல் மூடியதிலிருந்து எங்கள் ஊர் ஜனம் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் வந்துதான் பிழைக்கிறது. 2020 மார்ச் 22-ல் ரயில் நின்றது. மே மாதம் ஏஜென்சி மேனேஜர் போன் போட்டார்: "பில்டிங் திறக்குது, திங்கட்கிழமை ஆள் வேணும். வரலைன்னா வேற ஆள் போட்டுக்கறேன்." ரயில் ஓடவில்லை. சீசன் டிக்கெட் பையில் கிடந்தது. ஒரு டெம்போவைப் பேசி ஒட்டி உட்கார்ந்து வந்தோம். கூலியில் கிட்டத்தட்ட பாதி வண்டிக்கே போனது.

அப்படி ஒட்டி உட்கார்ந்து வந்தவர்களை கேட்டில் இறக்கி, ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு அதில் நிற்கச் சொன்னார்கள். நெற்றியில் ஒன்றை நீட்டிப் பார்த்து 97, 98 என்று நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டு எழுதிய பையனும் ஏஜென்சி ஆள்தான், மாஸ்க் அவன் சொந்தக் காசு. மேலே மாடி மாடியாக ஆளே இல்லை. பெருக்கல் குறி ஒட்டி யாரும் உட்காரக் கூடாது என்று வைத்திருந்த நாற்காலியையும் துடைத்தோம். கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன் எல்லாம் மணிக்கு ஒரு தடவை, துடைத்ததற்குச் சார்ட்டில் கையெழுத்து. வீட்டிலிருந்தவர்களுக்கு "உங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை" என்று மெயில் போனதாம். எங்களுக்கு மெயில் ஐடி கிடையாது.

எச்ஆர் அக்கா எழுதிய விலக்குப் பட்டியலில் வண்டி இல்லாதவர் இல்லை, பாருங்கள்.

ரிங்ரோடு_எச்ஆர் எழுதியது:
சேர்த்துக்கொள்கிறேன் அக்கா. அது சேரத்தான் வேண்டும்.

மாரத்தஹள்ளி_மடிக்கணினி எழுதியது:
எல்லாரும் "எப்போது திரும்ப வருவது" என்றே பேசுகிறீர்கள். எதற்காக வரவேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசின் ஐடி துறையே ரிங் ரோடு கம்பெனிகளைப் பார்த்து, சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை மெட்ரோ வேலை நடக்கிறது, 2022 டிசம்பர் வரை ஆட்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நோய்க்காக இல்லை, டிராஃபிக்குக்காக! 2022 செப்டம்பர் மழையில் ஐடி ஆட்களை டிராக்டரில் ஏற்றி ஆபீசில் விட்டது நினைவிருக்கிறதா? அன்றைக்கு மறுபடி எல்லாரும் "வீட்டிலிருந்தே பாருங்கள்". தண்ணீர் வடிந்ததும் "கலாசாரம், கூட்டு உழைப்பு". வேலை நடக்கிறதா இல்லையா என்பதுதானே விஷயம்?

பீன்யா_பட்டறை எழுதியது:
தம்பி, லேத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியுமா?

மாரத்தஹள்ளி_மடிக்கணினி எழுதியது:
முடியாது சார். அதனால்தான் முடிந்தவர்களாவது ரோட்டை அடைக்காமல் இருக்கலாம் என்கிறேன். நான் வராவிட்டால் உங்கள் செட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து வருவார்.

மாரிக்குப்பம்_வண்டி எழுதியது:
தம்பி வராவிட்டால் எங்கள் ஷிஃப்டைக் குறைப்பார்கள். 2021-ல் அப்படித்தான் ஒரு மாடிக்கு இருவர் என்றிருந்தது இரண்டு மாடிக்கு ஒருவர் ஆனது. கேன்டீன்காரர், ஆபீஸ் கேப் ஓட்டியவர், கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் டீ விற்ற சேலத்துக்காரர் எல்லாரும் தம்பி வருவதை நம்பித்தான் இருந்தோம். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. வராவிட்டால் யார் தலையில் விடிகிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாரத்தஹள்ளி_மடிக்கணினி எழுதியது:
அதற்கு நான் தினம் மூன்று மணி நேரம் சிக்னலில் நிற்பதா தீர்வு? உங்கள் வேலையைக் காப்பாற்ற வேண்டியது ஏஜென்சியும் பில்டிங் ஓனரும். அந்தப் பாரத்தை என்மேல் வைக்காதீர்கள் அக்கா.

ரிங்ரோடு_எச்ஆர் எழுதியது:
இதில் தம்பி பக்கம்தான் நான். ஆனால் "வேலை நடந்தால் போதும்" என்பதோடு ஒத்துப்போக மாட்டேன். 2021 ஏப்ரல், மே. இரண்டாம் அலை. பெங்களூரில் பாசிட்டிவ் வந்தால் மாநகராட்சி ஒரு பி.யு. எண் தரும், அது இல்லாமல் அரசு ஒதுக்கீட்டில் படுக்கை கிடையாது. ரிசல்ட் வந்திருக்கும், எண் வந்திருக்காது. 1912 உதவி எண்ணுக்கு அடித்தால் வரிசையில் போடும். எங்கள் டீம் ராத்திரி முழுக்க ஒரு ஷீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது: பெயர், ஆக்சிஜன் அளவு, பி.யு. எண், எந்த ஆஸ்பத்திரி, கூட யார். அளவு 90-க்குக் கீழே போனால் அந்த வரியைச் சிவப்பாக்குவோம்.

அந்த ஷீட்டில் எங்களுக்குத் தெரியாமல் போனவர்கள் யார் தெரியுமா? தனியாக பிஜியில் (வாடகை விடுதியில்) இருந்த புதுப் பையன்கள். வேலை நடந்துகொண்டிருந்தது, கொடுத்த வேலையை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பையன் ஜுரத்தோடு ஐந்து நாள் லாகின் பண்ணியிருக்கிறான். வீட்டிலிருந்து வேலை என்றால் மேனேஜர் தினமும் ஒரு தடவை குரலையாவது கேட்கவேண்டும் என்று விதியில் எழுதுங்கள், ஓசூர் சார். மீட்டிங் இல்லை, போன்.

பீன்யா_பட்டறை எழுதியது:
இதை ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் ஒருவன் இருமினால் எனக்கே கேட்கும்.

இன்னொன்று, பேப்பர். எங்கள் வரிசையில் வேறொரு பட்டறையில் ஒரு வெல்டர் இரண்டாம் அலையில் போய்விட்டார். 2021 ஏப்ரல் 28-ல்தான் பிஎஃப்போடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் உச்சவரம்பை ஏழு லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். அப்புறம் ஜூனில், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் தரும் திட்டத்தை இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கொண்டுவந்தது. எல்லாம் உண்டு. ஆனால் பிஎஃப் நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய அவர் அம்மா பெயர், அந்த அம்மாவும் இல்லை. ஆதாரில் ஓர் இனிஷியல், பிஎஃப்பில் வேறொன்று. அவர் மனைவி கைக்குழந்தையோடு அலைந்த அலைச்சலைப் பார்த்தேன். ஆறுதல் மெயில், ஆலோசனை வகுப்பு எல்லாம் அப்புறம். முதலில் நாமினியைச் சரி பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.

மாரிக்குப்பம்_வண்டி எழுதியது:
எங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தார்கள், சம்பளச் சீட்டில் இருந்தது. கட்டினார்களா என்பது வேறு கதை. பாசிட்டிவ் ஆன ஒரு பெண் உடல்நலக்குறைவுப் பணம் கேட்டுப் போனாள். சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை உண்டு. "உங்க ஏஜென்சி பல மாசமா கட்டலை" என்று திருப்பி அனுப்பினார்கள். பார்க் மேனேஜ்மென்டைக் கேட்டால் "ஏஜென்சியைக் கேளுங்க". அன்றைக்கு இருந்த 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி ஏஜென்சி கூலி தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனிதான் தரவேண்டும். இதை எனக்கு யூனியன்காரர் சொல்லித்தான் தெரியும்.

ஓசூர்_பயணி எழுதியது:
நிறையக் கிடைத்தது, நன்றி. தேதிகளை எடுத்துப் பார்த்தேன். 2020 மே 4-ல் தனியார் ஆபீஸ்களை மூன்றில் ஒரு பங்கு ஆட்களோடு திறக்கலாம் என்றார்கள். பெங்களூர் நகர பிஎம்டிசி பஸ் ஓடியது மே 19-ல். மெட்ரோ செப்டம்பர் 7-ல். "ஒரே தேதி" என்றால் இதில் எந்தத் தேதி என்று ஜி.எம்.மிடம் கேட்கப்போகிறேன். என் வரைவு இப்படி:

திரும்ப அழைக்கும் நாளை அறிவிக்கும்போதே வண்டியையும் அறிவிக்க வேண்டும். அவரவர் வழித்தடத்தில் பஸ்ஸோ ரயிலோ ஓடாதவரை, செக்போஸ்ட் மூடியிருக்கும்வரை, கம்பெனி வண்டி அனுப்பும், அல்லது ஆப்சென்ட் போடாது. விலக்குப் பட்டியல் மூன்று வகை ஆட்களுக்கும் ஒன்றுதான். ஏஜென்சி பில்லை பாஸ் பண்ணும் முன் அந்த மாத இஎஸ்ஐ, பிஎஃப் ரசீதில் நம் கேட்டில் நிற்பவர்கள் பெயர் ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். நாமினி சரிபார்ப்பு வருடா வருடம், போனஸ் வாரத்தில்.

பீன்யா_பட்டறை எழுதியது:
வண்டி, ரசீது, நாமினி எல்லாம் சரி. சம்பளம்? மெஷின் மூடியிருக்கும் மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை மாதம்? அதை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

ரிங்ரோடு_எச்ஆர் எழுதியது:
முதல் மாதம் எல்லாருக்கும் முழுச் சம்பளம். பிறகு கீழ்ச் சம்பளத்தைத் தொடாமல் மேலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள், ஜி.எம். உட்பட. லட்சக்கணக்கில் வாங்குபவர் முப்பது சதவீதம் விட்டுக்கொடுத்தால் கீழே எத்தனை பேருக்கு அரிசி வரும் என்று எக்செல்லில் போட்டுக் காட்டுங்கள்.

பீன்யா_பட்டறை எழுதியது:
என் பட்டறையில் மேலே இருப்பவன் நான் ஒருவன்தான். என்னை எங்கிருந்து வெட்டுவது? மூன்று மாதக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தவனால்தான் இந்த விதியைக் காப்பாற்ற முடியும். உங்கள் கம்பெனி அப்படிப் போட்டு வைக்குமா சார்? வைக்காது என்றால் அந்த நாலு பக்கம் வெறும் பேப்பர்.

மாரிக்குப்பம்_வண்டி எழுதியது:
அந்தக் கணக்கில் ஏஜென்சி ஆட்களின் கூலியும் உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஓசூர்_பயணி எழுதியது:
மாதம் எவ்வளவு ஒதுக்கினால் மூன்று மாதக் கூலி சேரும் என்று அக்கவுன்ட்ஸில் கேட்டிருக்கிறேன், ஏஜென்சி ஆட்களையும் சேர்த்து. செவ்வாய்க்கிழமை தருகிறார்களாம். தொகை வந்ததும் இங்கே போடுகிறேன்.